படிவம் முழுதாய்த் திறக்குமுன்

பின்னேரம் ஆறு மணி தாண்டினால் அந்த வீதியில் ஆள் இல்லை. நெடுங்கேணியில் தார் முடிந்து கிரவல் தொடங்கும். ஒரு பக்கம் வயல். மற்றப் பக்கம் காடு. காட்டோரமாக யானைக்குப் போட்ட மின்வேலி... டிக்... டிக்... என்று தன்பாட்டில் அடித்துக்கொண்டிருக்கும். கடைசி வீடு தர்மிளாவுடையது. அதற்கு அப்பாலும் வீதி போகிறதுதான். யாரும் போவதில்லை.

இதைப் பிரியந்தினி சொன்னது மாங்குளத்தில், மழையோடு மின்சாரம் போன ஓர் இரவில். பயிற்சிக்கு வந்த பெண்கள் ஒரே அறையில் பாய் விரித்திருந்தார்கள். தனியாக இருக்கும் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துவரும் வேலை அவர்களுக்கு மறுநாள் தொடங்க இருந்தது. பிரியந்தினி அந்த வேலையில் பழையவள். ஃபோன் வெளிச்சத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"எங்களோட வேலை செய்யிற பிரேமிளாவின்ர ஒண்டுவிட்ட அக்காவுக்கு நடந்தது" என்று தொடங்கினாள்.

"பேய்க்கதையோ அக்கா?" என்றாள் மேனுகா.

"இல்லை. படிவம் நிரப்பிற கதை."

"ஐயோ, அது பேயைவிடப் பயம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. கூரைத் தகரத்தில் மழை. பிறகு...

அந்த அக்காதான் தர்மிளா. அவளின் தகப்பன் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குளத்துக் காணி கிடைத்து வந்தவர். அவர் செத்துப்போனார். பிறகு தாயும் போனா. தம்பிமார் கனடாவில். வீட்டை யாருக்கும் கொடுத்துவிட்டு வா, வா என்று ஃபோனில் கத்தினார்கள். அவள் போகவில்லை. ஏன் என்று கேட்டால் அவளிடம் நல்ல காரணம் ஒன்றும் இல்லை. விடிய எழும்பிக் கிணற்றுக் கயிற்றை இழுக்கும்போது கப்பி கிறீச்சிடும். அந்தச் சத்தத்தைத் தானே உண்டாக்கிக் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். பொழுதுபடும்போது அப்படி ஒரு சத்தம் இல்லை. பொழுதுபடுவதுதான் கஷ்டம்.

வேலை இருந்தது. வவுனியாவில் ஒரு சிறிய நிறுவனம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே தனித்திருக்கும் தாய் தகப்பனுக்காகச் சொல்லிவைப்பார்கள். ஒரு பெண் சைக்கிளில் போவாள். கொஞ்ச நேரம் இருப்பாள், கதைப்பாள். ஆச்சி என்ன சாப்பிட்டா, மருந்து எடுத்தாவா, என்ன கதைத்தா என்று ஃபோனில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவாள். அந்த அறிக்கை கனடாவுக்கும் சுவிசுக்கும் போகும். படிவத்தைச் செய்தது தர்மிளா. வீட்டிலிருந்தபடியே.

செய்துகொண்டிருந்த நாட்களில் தனுஷா என்று ஒரு பெண் வந்து போனாள். நிறுவனத்தில் முதலில் சேர்ந்தவள். மலையகத்திலிருந்து வந்து காட்டோரத்தில் குடியேறிய சனம். வீடுகள் பார்த்து முடித்து, பொழுதுபட வந்து, சைக்கிளை முற்றத்தில் நிறுத்துவாள். சங்கிலி எண்ணெய் மணமும் சந்தனச் சவர்க்கார மணமும் சேர்ந்து வரும். விறாந்தைக் கதிரையில் காலை மடித்து இருந்துகொள்வாள். படிவத்தைச் சோதிக்க ஒரு வீடு வேண்டும், ஓர் ஆச்சி வேண்டும். தர்மிளா தன் வீட்டையே போட்டாள். வீடு: தர்மிளா, தனியாக இருப்பவர். பார்க்கப் போகிறவர்: தனுஷா.

"மருந்து எடுத்தனீங்களோ ஆச்சி?"

"ஓம் பிள்ளை."

"பொய். காலைக் காட்டுங்கோ, வீங்கியிருக்கு. அக்கா, கொஞ்சம் கூனுங்கோ. கிழவி மாதிரியே இல்லை."

அந்த விறாந்தையில் அப்படிச் சிரிப்பு கேட்டு எவ்வளவோ காலம். படிவம் முடிந்தது. தனுஷா வருவதும் நின்றது. அவளுக்கு வீடுகள் கூடிவிட்டன. பிறகு மாரி மழையோடு காய்ச்சல் என்று படுத்தவள்... எழும்பவில்லை. தர்மிளாவுக்கு அது ஃபோனில் வந்த செய்தி. எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். அவளும் போட்டாள். பட்டியலில் தனுஷாவின் வீடுகளை வேறு பெண்களுக்கு மாற்றினார்கள். சோதனைக்கு எழுதிய அந்த ஒரு வரி தர்மிளாவின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற வரி. அதை அழிக்க அவள் மறந்துபோனாள்.

அடுத்த போகத்துக்கு வயல் உழத் தொடங்கிய நேரம், நிறுவனத்தை நடத்தும் சுதாகரன் ஃபோன் எடுத்தார்.

"தங்கச்சி, ரிப்போர்ட் வெறுமையா வருதம்மா. பேர் இருக்கு, வீடு இருக்கு, உள்ளுக்க ஒண்டும் இல்லை. தாய்க்கு என்னமோ நடந்திட்டுதெண்டு ரொறொன்ரோவில ஒருத்தர் அழுதுகொண்டு நிக்கிறார். இஞ்ச கிழவி வடை சுட்டுக்கொண்டு இருக்கு."

"எல்லா வீட்டிலயுமோ அண்ணை?"

"இல்லை. காட்டுப்பக்க வீடுகள்தான். இது இப்பிடியே போனா எங்களை நம்பி ஒருத்தரும் தாயை ஒப்படைக்க மாட்டினம்."

தர்மிளா தன் வீட்டில் சோதித்தாள். சரியாக ஓடியது. மறுபடி... சரி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் வீட்டில் கம்பம் நட்டு, உயரத்தில் ரவுட்டர் கட்டியிருந்தது. ஆச்சிமாரின் வீட்டில் ஏது கம்பம்? ஃபோனை எடுத்துக்கொண்டு குளக்கட்டால் நடந்தாள். சிக்னல் ஒரு கோடாகச் சுருங்கும் இடம்வரை. குளக்கட்டில் தனியே குந்தியிருந்து, படிவம் துண்டு துண்டாக வருவதைப் பார்த்தாள். முதலில் தலைப்பு. பிறகு வெள்ளை. வெள்ளை... பிறகுதான் பெட்டிகள்.

காரணம் பிடிபட்டது. சிக்னல் இல்லாத வீட்டில் எழுதியதை ஃபோன் தன்னிடம் வைத்திருக்கும். சிக்னல் கிடைத்ததும் படிவம் தானாகத் திறக்கும். ஒரு சிறிய ஸ்கிரிப்ட் அந்தச் சொற்களை எடுத்துப் பெட்டிகளில் போட்டு அனுப்பிவிடும். ஆனால் தர்மிளா அந்த ஸ்கிரிப்டைப் பக்கத்தின் தலையிலேயே வைத்திருந்தாள். இணைப்பு விரைவாக இருந்தால் பிழை தெரியாது. மெல்ல வரும் இடத்தில், பெட்டிகள் வந்து சேருமுன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிடும். பந்தியில் இலை போடுமுன் சோற்றைக் கொட்டுவதுபோல. சொற்கள் விழ இடமில்லாமல் போய்விடும். வெறும் படிவம் மட்டும் கனடாவுக்குப் போகும். இல்லாத ஒன்றில் எழுத முடியாது என்ற பொருளில் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. குளத்தில் நீர்க்காகம் ஒன்று மூழ்கி, வேறிடத்தில் எழும்பியது.

வீட்டுக்கு வந்து, வெறுமையாக வந்தவற்றை எல்லாம் ஒன்றாக எடுத்துப் பார்த்தாள். எந்தெந்த வீடு என்று தெரிய வேண்டுமே. காட்டோர வீடுகள். அவற்றுக்கிடையில்...

தர்மிளா. தனியாக இருப்பவர்.

அனுப்பியது தனுஷா.

ஒன்றிரண்டு அல்ல. நாள் தவறாமல். தனுஷா செத்த கிழமையிலிருந்து, ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் நேரம்.

"அம்மாளாச்சி..." என்றாள் நிரோஜா. பாய்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கின.

தர்மிளா பயப்படவில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் இதற்குப் பயப்பட மாட்டார்கள். சோதனை வரி ஒன்று எங்கேயோ சிக்கிக்கொண்டு தன்பாட்டில் ஓடுகிறது, அவ்வளவுதான். திருத்தினாள். எல்லாப் பெட்டியும் வந்து சேர்ந்துவிட்டது என்று பக்கம் சொல்லும்வரை நில், அதன் பிறகு ஓடு என்று ஸ்கிரிப்டுக்கு ஒரு வரி. உள்ளே சொல் இல்லையென்றால் அனுப்பாதே என்று இன்னொரு வரி. சோதனை வரியும் இத்தோடு வாயை மூடும் என்று நினைத்தாள்.

மறுநாள் சுதாகரன் எடுத்து, "கெட்டிக்காரியம்மா நீ. ஒண்டும் வெறுமையா வரேல்லை" என்றார். உண்மைதான். அன்றைக்கு வந்த அறிக்கைகளில் ஒன்றுகூட வெறுமையாக இல்லை.

தர்மிளாவின் வீட்டு அறிக்கையும் வந்திருந்தது.

"வந்தன். அக்கா புட்டு அவிச்சவா. உப்புப் போட மறந்திட்டா. கதைச்சது: ஒண்டும் இல்லை."

அவள் குசினியைத் திரும்பிப் பார்த்தாள். புட்டு அவித்த நீத்துப்பெட்டி அடுப்புக்கட்டில் கிடந்தது. புட்டில் உப்பு இல்லை. வாயில் வைத்தபோது தெரிந்தது, எழும்பிப் போட மனமில்லாமல் வாழைப்பழத்தோடு பிசைந்து விழுங்கியிருந்தாள். அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை.

மின்வேலி டிக்... டிக்... என்றது. விறாந்தைப் பக்கமிருந்து... லேசாகச் சங்கிலி எண்ணெய் மணம்.

அந்த இரவு எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு கட்டிலில் குந்தியிருந்தாள். விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்து நெடுங்கேணியில் சிற்றம்பலம் மாமா வீட்டுக்குப் போனாள். காய்ச்சல் வரும்போல இருக்கிறது, ரெண்டு நாள் நிற்கிறேன் என்றாள்.

"தனிய இருந்தா காய்ச்சல் மட்டுமே வரும்? விசரும் வரும்" என்றா மாமி. "கலியாணம் கட்டு எண்டு சொல்லச் சொல்லக் கேட்டியோ? லப்டொப்பைக் கட்டிக்கொண்டு இரு."

"அவளுக்குத் தேத்தண்ணியைக் குடன் முதல்" என்றார் மாமா.

அங்கே சத்தத்துக்குக் குறைவில்லை. தொலைக்காட்சி, பேரப்பிள்ளைகள், கோழி. தர்மிளா அந்தச் சத்தத்துக்கு நடுவில் இருந்து யாரோ வீட்டில் இருப்பதுபோல இருந்தாள். பொழுதுபட்டது. ஃபோன் ஒளிர்ந்தது.

"வந்தன். வீடு பூட்டு. காத்திருந்தன்."

மறுநாளும் வந்தது.

"வந்தன். வீடு பூட்டு. காத்திருந்தன். மழை."

அந்த ஒரு சொல்தான். மழை. கூரைப்பீலித் தண்ணீர் கொட்டும் விறாந்தை விளிம்பு அவள் கண்ணுக்குள் வந்தது. அங்கே ஒண்டி நிற்க முடியாது. சாரல் அடிக்கும். தாய் செத்த பிறகு அந்த வீட்டில் தனக்காக யாரும் காத்திருந்ததில்லை என்று அவள் நினைத்தாள். எத்தனையோ நாள் பஸ் பிந்தி இருட்டில் வந்து, பூட்டைத் தடவித் தானே திறந்தவள். இப்போது ஒருத்தி காத்திருக்கிறாள். யார், என்ன என்பது அதற்குப் பிறகுதான்.

விடிந்ததும் மாமியிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

"போனவவோ? திரும்பியோ?" மேனுகா எழும்பி இருந்துவிட்டாள். "நானெண்டா கனடாவுக்கே போயிருப்பன்."

"உனக்கு இஞ்ச வீடு நிறையச் சனம்" என்றாள் பிரியந்தினி. "நீ போவாய்."

அன்றைக்குப் பின்னேரம் தர்மிளா விறாந்தைக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். இரண்டு தேநீர் ஊற்றினாள். ஒன்றைக் கதிரைப்பக்கம் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தேநீர் ஆறியது, ஆடை படிந்தது, ஓர் எறும்பு விளிம்பில் சுற்றியது. அவள் தொண்டையைச் செருமினாள். மாமியிடம் சொல்லிக்கொண்டு வந்த பிறகு வாய் திறக்காத குரல். பிறகு, "தம்பி எடுத்தவன்... அவன்ர மகளுக்குப் பல்லு விழுந்திட்டுதாம்" என்று வெறும் முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வந்தன். அக்கா ரெண்டு தேத்தண்ணி ஊத்தினவா. தம்பியின்ர மகளுக்குப் பல்லு விழுந்திட்டு. கொஞ்சம் கதைச்சவா."

அதன் பிறகு பயம் என்பது உடுப்பைக் கழற்றிவைப்பதுபோல மெல்லக் கழன்றது. பொழுதுபடும் நேரத்துக்காக அவள் சமைக்கத் தொடங்கினாள். தலையை வாரிக் கட்டினாள். இரவில் அறிக்கையைத் திறந்து படித்துவிட்டுத்தான் படுக்கை. கத்தரிக்காய்க் குழம்பு மணத்தது என்று ஒருநாள். பல்லி விழுந்ததுக்கு இவ்வளவு பயமோ என்று ஒருநாள். "அக்கா பழைய பாட்டு ஒண்டு படிச்சவா. சுருதி இல்லை" என்று ஒருநாள். அதைப் படித்துத் தனியே சிரித்தாள். தான் ஒரு நாளில் என்ன செய்தேன் என்று யாரோ பார்த்து எழுதிவைப்பதில் அவ்வளவு ஆறுதல் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இப்போது அவளுக்கு வேறு ஒரு பயம் வந்தது. இது யாரோ பகிடிக்குச் செய்கிற வேலையாக இருந்துவிட்டால்? தனுஷாவின் ஃபோனை எவனோ எடுத்து வைத்துக்கொண்டு, வேலிக்குள்ளால் பார்த்துப் பார்த்து எழுதினால்? அப்படித் தெரியவந்தால் அதைத் தாங்க முடியுமா என்று யோசித்தாள். முடியாது. ஆனாலும் சுதாகரனிடம் கேட்டாள்.

"தனுஷான்ர போனோ? அது தாய்க்காரியிட்டக் குடுத்தாச்சு. ஏன் தங்கச்சி?"

"சும்மா அண்ணை. ஒரு செக்கிங்."

தனுஷாவின் ஊர் காட்டுக்கு மற்றப் பக்கம். வளைவில் ஒரு கடை, செல்வராசா கடை என்று பெயர். அங்கே வழி கேட்டாள். செல்வராசா மாவு படிந்த கையாலேயே ஒழுங்கையைக் காட்டினார். "சுப்பம்மா வீடோ? நேர போங்கோ. தகரக் கூரை. மனுசிக்கு இப்ப ஆருமில்லை."

சுப்பம்மா வாசலிலேயே இருந்தாள். மெலிந்த, கறுத்த, நேராக உட்காருகிற பெண்.

"வாங்கம்மா. எம் மக கூட வேல பாத்தவங்களா? உக்காருங்க. பிளேன்டீ வைக்கிறேன்."

"வேண்டாம் அம்மா. தனுஷான்ர போனைப் பாக்கலாமோ எண்டு..."

ஃபோன் கூரை வளையில் ஒரு பொலித்தீன் பையில் தொங்கியது. சுப்பம்மா ஏறி நின்று எடுத்தாள். தர்மிளா அதைத் திருப்பிப் பார்த்தாள். செத்த ஃபோன். சார்ஜ் குத்துகிற ஓட்டையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

"அதக் கிண்டாதீங்க. உள்ளுக்கு குஞ்சு இருக்கும்" என்றாள் சுப்பம்மா. "நான் அத ஒரு நாளும் போட்டதில்ல. போடவும் தெரியாது."

தர்மிளாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கி நின்றது. நிம்மதி. அப்படி ஒரு நிம்மதி அவளுக்கே வெட்கமாக இருந்தது. சுப்பம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒன்னு கேக்கட்டுமாம்மா? அவ ஊருல உள்ள கெழவிய எல்லாம் பாக்கப் போவா. பொழுதுபட வந்து, எந்தக் கெழவி என்னா சொன்னான்னு எங்கிட்ட நடிச்சுக் காட்டுவா. நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இப்ப நான் தெனம் பொழுதுபட இங்கதான் உக்காந்து இருக்கேன். செத்தவங்க வருவாங்கன்னு சொல்றாங்க. சத்தம் கேக்கும், மணம் வரும்னு சொல்றாங்க. எனக்கு ஒன்னுமில்ல. கனவுல கூட வரல்ல. எல்லா வீட்டுக்கும் போன புள்ள... என் வீட்டுக்கு மட்டும் ஏன் வரல?"

தர்மிளா ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். ஸ்கூட்டியில் திரும்பும்போது காடு இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு வந்தது. பாதி வழியில் அவளுக்குப் பதில் தெரிந்தது. பட்டியலில் சுப்பம்மாவின் பெயர் இல்லை. வெளிநாட்டில் ஆள் இருந்து சொல்லிவைத்தால்தான் பட்டியலில் பெயர் வரும். சுப்பம்மாவுக்காகச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தனுஷா பட்டியல் அனுப்புகிற வீட்டுக்குத்தான் போவாள். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே இருந்தது ஒரே ஒரு வீடு.

மாற்றுவது ஒரு நிமிட வேலை. வீட்டுப் பெயரை அழித்து, வேறு பெயரை எழுதினால் போதும்.

அவள் மாற்றவில்லை. நாளைக்கு என்று நினைத்தாள். மறுநாள் வெண்டிக்காய்ப் பால்கறி வைத்தாள், தனுஷாவுக்குப் பிடிக்கும். நாளைக்கு. அந்தத் தகரக் கூரை வாசலில் ஒருத்தி நேராக உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது தேநீர் ஊற்றும்போதெல்லாம் நினைவில் வந்தது. ஊற்றினாள். வைத்தாள். கதைக்க வரவில்லை. நாளைக்கு... நாளைக்கு. இப்படியே சில நாட்கள். தனக்குள் இவ்வளவு பெரிய பசி இருந்திருக்கிறதே என்று அவள் தன்னையே யாரோ மூன்றாம் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இன்னொருத்தியின் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற பசி.

ஒரு நாள் அறிக்கையில் இப்படி வந்தது: "வந்தன். அக்கா இண்டைக்கு என்ர பக்கம் திரும்பேல்லை."

அன்றைக்கே பட்டியலைத் திறந்தாள். தன் பெயரை அழித்தாள். சுப்பம்மா என்று எழுதினாள், ஊரை எழுதினாள். பிறகு அழுத்தினாள். கதிரையைப் பார்த்து, "போ, பிள்ளை. அம்மா வாசல்லயே இருக்கிறா" என்றாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கு ஆச்சரியம்.

மறுநாள் நல்ல வெயில். கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மாடுகள்கூட இன்னும் பட்டிக்குத் திரும்பவில்லை. வெயில் பாலைமர உச்சிக்கு மேலேயே நின்றது. அப்போது ஃபோன் சத்தம். உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். வழக்கமான நேரத்துக்கு முந்தி வந்திருக்கிறதே என்று ஒரு எண்ணம் வந்து போனது, அவ்வளவுதான்.

வீடு: சுப்பம்மா. அனுப்பியது: தனுஷா.

"வந்தன். அம்மா சோறாக்கினவா. கருவாடு பொரிச்சவா. ரெண்டு பேரும் சாப்பிட்டம். நிறையக் கதைச்சம். சிரிச்சம். சொல்லாமல் வந்திட்டன்."

தர்மிளா கிணற்றடியில் நின்றபடியே அழுதாள். சந்தோசமாகத்தான். சாப்பிட்டம், கதைச்சம், சிரிச்சம். அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். அன்று பொழுதுபட ஒரு தேநீர்தான் ஊற்றினாள். விறாந்தையில் சவர்க்கார மணம் இல்லை. வேலி அடித்துக்கொண்டிருந்தது. வீடு தாய் செத்த மறுகிழமை இருந்ததுபோல இருந்தது. சரி, இது எனக்குப் பழகினதுதானே என்று சொல்லிக்கொண்டு படுத்தாள்.

விடிந்ததும் சுப்பம்மாவைப் பார்க்கப் புறப்பட்டாள். என்ன நடந்தது என்று அவள் வாயால் கேட்க வேண்டும். மக வந்துச்சும்மா என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வறுத்த அரிசிமா கொஞ்சம் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

ஒழுங்கைக்குள் திரும்பும்போதே தெரிந்தது. உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து பிளாஸ்ரிக் கதிரைகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சனம்.

"விடிய வந்து கூப்பிட்டேன், சத்தமில்ல" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். "பாயில படுத்த மாதிரியே இருக்கா. நல்ல தூக்கம் தூங்குற மாதிரி."

தர்மிளா உள்ளே போய்ப் பார்த்தாள். வெளியே வந்து ஒரு கதிரையில் இருந்தாள். யாரோ சோடா கொடுத்தார்கள். யாரோ தனுஷாவின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். வெயில் ஏறியதும் எழும்பினாள். பழக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போயிட்டு வாறன் என்று சொல்ல வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டாள். செத்த வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. வந்தவர்கள் எழும்பி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், சொல்லாமல் போய்விட வேண்டும். அவளும் அப்படியே சொல்லாமல் நடந்தாள். வாசல் படலையைத் தொட்டபோது...

கை அப்படியே நின்றது.

சொல்லாமல் வந்திட்டன்.

நேற்று அது வந்தபோது வெயில் பாலைமர உச்சியில் நின்றது. மாடுகள் இன்னும் திரும்பவில்லை. அவள் தோளில் உடுப்புக் கிடந்தது. அந்த நேரம்... இந்த வீட்டில்...

படலைக்கு வெளியே செல்வராசா நின்றார். வெற்றிலை போட்டுக்கொண்டு, யாரிடம் கதைப்பது என்று தெரியாமல். தர்மிளா அவரிடம் போனாள்.

"அண்ணை... நேற்று எத்தினை மணிக்குப் போனவ ஆச்சி? பின்னேரமே முடிஞ்சுதோ?"

"பின்னேரமோ? ஆர் பிள்ளை சொன்னது?" செல்வராசா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "நல்லா இருண்டாப் பிறகு கடைக்கு வந்தவ. கடைசி பஸ்ஸும் போயிட்டுது, நான் பலகை போடுற நேரம். இவ்வளவு நாளும் குனிஞ்ச தலை நிமிராத மனுசி. ஒரே சிரிப்பு. கருவாடு தாங்கோ எண்டா. நிறுத்துக் குடுத்தன். வாங்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்திட்டுக் கேட்டவ..."

அவர் சுப்பம்மாவின் குரலிலேயே சொன்னார்.

"'மக வந்து உக்காந்திருக்கு. ரெண்டு பேருக்கு இது போதுமாய்யா?'"